கண்டெய்னர் திரும்பும் இடம்

நிலம் வாங்கப் போகிறவர்கள் முதலில் மண்ணை அள்ளிப் பார்ப்பார்கள். பிறகு கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். எனக்குச் சிரிப்பாக இருக்கும். குடோன் கட்டுகிறவனுக்கு மண் எதற்கு, தண்ணீர் எதற்கு? பெரிய வண்டி ரோட்டிலிருந்து உள்ளே இறங்கி, ஒரே வீச்சில் திரும்பி நிற்குமா என்று பார்த்தால் போதும். நீங்களும் ஓய்வு பெற்ற பிறகு பணத்தை எதிலாவது போடத்தான் போகிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். வீடு கட்டி வாடகைக்கு மட்டும் விடாதீர்கள். குடியிருக்கிறவன் குழாய் ஒழுகுகிறது என்று தினமும் கூப்பிடுவான். சரக்கு வாய் திறக்காது.

எங்கள் அப்பா விட்டுப் போனது கம்பம் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டம். பந்தலுக்கு மேலே மேகத்தைப் பார்த்தே அவர் ஆயுசு போனது. நான் அதை விற்றுவிட்டு உத்தமபாளையம் ரோட்டில் குடோன் கட்டினேன். ஊரே சிரித்தது. முதலில் பஞ்சு வைத்தார்கள், பிறகு மாட்டுத் தீவனம். மழை பெய்தாலும் வாடகை, பெய்யாவிட்டாலும் வாடகை. சிரித்தவர்களில் சிலர் பிறகு என்னிடமே யோசனை கேட்டு வந்தார்கள்.

அடுத்ததாக வாழைக்காயைப் பழுக்க வைக்கும் அறைகள் கட்டினேன். காயை அடுக்கிக் கதவை இறுக மூடி, அதற்குரிய வாயுவைத் திறந்துவிட்டால் எல்லாம் ஒரே நிறத்தில் பழுத்து வரும். பழமும் நம்மைப் போல மூச்சு விடும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மூடின அறையில் நல்ல காற்றை அது தீர்த்துவிடும். உள்ளே ஆள் இருக்கும்போது கதவைச் சாத்தக் கூடாது என்று பெரிய எழுத்தில் நானே எழுதி ஒட்டியிருந்தேன்.

எல்லாம் பார்த்துச் செய்த நான் ஒரு இடத்தில் சறுக்கினேன். என் இடம் ரோட்டை ஒட்டி இல்லை. அதனால்தான் மலிவாகக் கிடைத்தது. ரோட்டுக்கும் எனக்கும் நடுவே ஒரு துண்டு நிலம், என் மனைவி முனீஸ்வரியின் தம்பி ஒச்சாண்டியுடையது. அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு அக்காள்தான் அவனுக்கு எல்லாம். எங்கள் மகள் ஹேமாவதி என்றால் உயிர், பாப்பா என்றுதான் கூப்பிடுவான். என் வண்டிகள் அவன் நிலத்தின் வழியாகத்தான் போய் வந்தன. ஒரு நாளும் மறித்ததில்லை.

அப்போதுதான் கொச்சியிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. குடோன், அறைகள் எல்லாவற்றையும் நீண்ட குத்தகைக்கு எடுத்துக்கொள்ளத் தயார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள்.

"வழி உங்க குடும்பத்துப் பேர்ல வேணும் சேட்டா," என்றார் வந்த அதிகாரி. "நாளைக்கு அந்த ஆள் கேட் போட்டா எங்க கண்டெய்னர் எங்கே திரும்பும்?"

நியாயமான கேள்வி. ஆவணி கடைசிவரை பொறுப்பதாகச் சொன்னார்கள். அதற்குமேல் போனால் திண்டுக்கல் பக்கம் வேறு இடம் பார்த்து வைத்திருந்தார்கள். நான் ஒச்சாண்டியிடம் கேட்டேன்.

"அது விக்கிறதுக்கு இல்ல மச்சான்."

"ஊர் வெலைக்கு மேலயே தாரேன் மாப்ள."

"அக்கா புருசன்கிட்டக் காசு வாங்கவா? இம்புட்டு நாளா அங்கனதானே போறீக, வாரீக. நான் என்ன மறிச்சா நிக்கிறேன்?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பற்றி ரொம்ப நாள் யோசித்தேன். விற்க மாட்டேன் என்கிறவனுக்கு இன்னும் விலை வேண்டும், இல்லாவிட்டால் நம்மைக் கைக்குள் வைத்திருக்க வேண்டும். என் தொழிலில் வேறு காரணம் எதையும் நான் கண்டதில்லை.

ஒரு வக்கீலிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். பெற்றோரும் இல்லை, மனைவி மக்களும் இல்லை என்றால் சொத்து கூடப்பிறந்தவளுக்கு வரும் என்றார். முனீஸ்வரி நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறவள். அந்த வாரமே பழ அறை ஒன்றில் உள்பக்கக் கைப்பிடி ஆடுகிறது என்று ஆட்களிடம் சொல்லிவிட்டுக் கழற்றி வைத்தேன். அது ஆடவில்லை.

வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஆட்கள் எல்லோருக்கும் விடுமுறை கொடுத்தேன். சம்பளத்தோடுதான். முனீஸ்வரியும், ஆவணிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த மகளும், ஒச்சாண்டியும் காலையிலேயே கோயிலுக்குப் போனார்கள். அன்னதானத்துக்குப் பழம் வேண்டும் என்று அவன் முன்பே கேட்டிருந்தான். மதியம் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தான். முகமெல்லாம் சந்தோஷம்.

"மச்சான், ஒங்ககிட்ட ஒரு சேதி சொல்லணும்."

"மொதல்ல பழத்தை எடு மாப்ள. அப்புறம் சாவகாசமாப் பேசுவோம்."

நல்ல பழம் கடைசி அடுக்கில் இருப்பதாகச் சொன்னேன். அவன் உள்ளே போனான். நான் கதவைச் சாத்தினேன். சாத்தினால் தானாகக் கவ்விக்கொள்ளும் கதவு அது. வெயில் கடுமையாக இருந்தது. குளிர் வெளியே போனால் கரண்டுதான் வீண்.

விளையாட்டு என்று நினைத்தான் போலிருக்கிறது, முதலில் சிரித்துக்கொண்டே தட்டினான். பிறகு சிரிப்பு நின்றது. கனமான கதவு, காதை வைத்தால்தான் கேட்கும். வைத்தேன். இடம் பேசும்போது எதிராளி கடைசியாக என்ன விலை சொல்கிறான் என்று தெரிந்துகொள்வது நல்லது.

அவன் விலை சொல்லவில்லை.

"மச்சான், அந்த எடம் பாப்பாவுக்குத்தேன். கல்யாணச் சபையில தாய்மாமன் சீரா வைக்கிறேன்னு ஆத்தா முன்னாடி சொல்லிட்டு வந்துட்டேன். அதைச் சொல்லத்தேன் வந்தேன். கதவைத் தொறங்க மச்சான்."

பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் யோசித்தேன். அவசரப்பட்டு முடிவெடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை. திறந்தால், ஏன் மூடினேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். சொந்தத்துக்குள் அந்த மாதிரி ஒரு கசப்பு வந்துவிட்டால் அப்புறம் ஆறாது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

திருவிழாக் கூட்டத்தில் அவனை யாரும் தேடவில்லை. மறுநாள் ஆட்கள் வந்து திறந்தார்கள். சாவி இருக்கும் இடம் அவனுக்குத் தெரியும், தானே போயிருப்பான், கதவு சாத்திக்கொண்டிருக்கும் என்றேன். அன்றைக்கு அவனை நான் பார்க்கவே இல்லை என்று உங்கள் ஆட்களிடமும் சொன்னேன், வீட்டிலும் சொன்னேன். விபத்து என்று முடித்தார்கள். காரியச் செலவு முழுக்க என்னுடையது. எடுத்துப் போகும்போது அழுதேன். அது நடிப்பு இல்லை, சார். நல்ல பையன்.

நிலம் முனீஸ்வரிக்கு வந்தது. கம்பெனிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோது, "பாப்பா கல்யாணம் முடியட்டும்," என்றாள். காரணம் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ஆவணியில் பழனிசெட்டிபட்டி மண்டபத்தில் கல்யாணம். எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் இல்லாமல் ஒரு பெண் மணமேடையில் உட்கார்ந்தால் காலத்துக்கும் பேச்சு. சீர் வைக்கிறவர்களை அழைத்தபோது மண்டபம் அடங்கிப்போனது. முனீஸ்வரி எழுந்திருக்கப் போனாள். அதற்குள் நான் மைக்கை வாங்கிவிட்டேன்.

"ஏம் மச்சினன் ஒச்சாண்டியோட சீரு இது. ரோட்டு எடம் பாப்பாவுக்குத்தேன், சபையில வைக்கிறேன்னு ஆத்தா முன்னாடி சொல்லிட்டு வந்தான். அவன் இல்லாட்டியும் அவன் சீரு வந்திருச்சு," என்றேன்.

மண்டபமே கண்ணைத் துடைத்தது. நிலம் மகள் பேருக்குப் போனால் என்ன, வழி குடும்பத்துக்குள்தானே இருக்கிறது.

முனீஸ்வரி மட்டும் அழவில்லை. மேடையை விட்டு இறங்கியதும் என் கையைப் பிடித்தாள்.

"அன்னைக்குக் காலையில கோயில்ல வச்சுத்தேன் தம்பி அந்த முடிவுக்கு வந்தான். சபையில சொல்ற வரைக்கும் யாருக்கும் சொல்லாதக்கான்னு எங்கிட்டச் சத்தியம் வாங்குனான். மச்சான்கிட்ட மட்டும் நானே போயிச் சொல்றேன்னு அங்கனருந்து நேரா வந்தான். நான் இன்னைக்கு வரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்கல. நீங்க அவனைப் பாக்கவே இல்லன்னீகளே, ஒங்ககிட்ட எப்பச் சொன்னான்?"

தாலி கட்டும் நேரமாகிவிட்டது என்று மேடையைக் காட்டினேன். மகளுக்குத் தாலி ஏறும்வரை அவள் பொறுத்திருந்தாள். ஏறியதும் உங்களுக்குப் போன் செய்தாள்.

கதவைச் சாத்தியது நான்தான். கைப்பிடியைக் கழற்றியதும் நான்தான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை நீங்கள் நியாயமாகப் பார்க்க வேண்டும், சார். மைக்கைத் தொடாமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கு என் குடோனில் உட்கார்ந்திருப்பேன். செத்துப்போனவன் ஆசையைச் சபையறிய நிறைவேற்றி வைத்தேன். அதற்குத்தான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்.