யார் எதைப் பாக்கலாம்

தாராளமா குடுக்கலாம்ங்க. அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்கே வேலையைக் குடுங்க. உக்காருங்க முதல்ல. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. லாண்டரி நடத்துறதா போன்ல சொன்னீங்கல்ல, தனியாவா? ஓ, கொழுந்தனாரும் நீங்களுமா. சரி சரி. ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்.

நானும் உங்களை மாதிரிதான் அலைஞ்சேன். லிஃப்ட் ரிப்பேர் பண்ற நமக்கெல்லாம் எதுக்குக்கா சாஃப்ட்வேர்னு என் தம்பி ஒரே பிடிவாதம். நான்தான் விடல. ஒரு பில்டிங்ல லிஃப்ட் நின்னுபோச்சுன்னா பக்கத்துல எந்த மெக்கானிக் இருக்கான், போன தடவை அதுல என்ன மாத்துனோம், எல்லாம் என் மண்டைக்குள்ளயே இருந்தா எப்படி? எனக்குக் காய்ச்சல் வந்தா ஆபீஸே படுத்துக்கும்.

முதல்ல வந்தவன், நான் வாயைத் திறக்குறதுக்குள்ள பண்ணிடலாம் மேடம்னான். லிஃப்ட் குறுக்கால போகணும்னு கேட்டிருந்தாக்கூட தலையாட்டியிருப்பான். அடுத்தது பெரிய இடம். கண்ணாடி ரூம், காபி மெஷின், கோட்டு போட்ட ஆளு. நீங்கதான் செஞ்சு குடுப்பீங்களான்னு கேட்டேன், அதுக்கு வேற டீம் இருக்குன்னாரு. அதுல ஒருத்தரையாவது காட்டுங்கன்னேன், சிரிச்சாரு. ஆளையே காட்டாதவங்க வேலையை எங்க காட்டப் போறாங்க?

இப்ப நீங்க கேக்குற இந்தக் கம்பெனிலேர்ந்து ஒரு இன்ஜினியர் பொண்ணு வந்தா. நாள் முழுக்க இதோ இந்த மேஜைகிட்ட உக்காந்து, நான் போன் பேசுறதையே கேட்டுக்கிட்டிருந்தா. கிளம்பும்போது ஒண்ணு சொன்னா. யார் எதைப் பாக்கலாம், யார் எதை மாத்தலாம், அதை மட்டும் நாங்க முடிவு பண்ண முடியாது மேடம், ஒரு மீட்டிங் போட்டு நீங்கதான் சொல்லணும்னா. அப்பவே பிடிச்சுப்போச்சு. நீங்களும் அப்படித் திருப்பிக் கேள்வி கேக்குறவங்களாப் பாத்து எடுங்க.

ஒரு நிமிஷம், போன். ம், சொல்லுங்க. உள்ள யாராச்சும் இருக்காங்களா? நல்லவேளை. கதவை நெம்பாதீங்க, ஆள் கிளம்பியாச்சு.

எங்க விட்டேன்? ஆங், மீட்டிங். அதுக்கு நீங்களே போங்க. எந்த வேலை இருந்தாலும் போட்டுட்டுப் போங்க. நான் போகல. அன்னிக்குன்னு பாத்து ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்ல ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்க. பயத்துல மூச்சு வாங்குது அவங்களுக்கு. கதவு திறக்குற வரைக்கும் நான் லைன்லயே இருந்தேன். தம்பிகிட்ட, நீ போடா, நீ சொன்னா நான் சொன்ன மாதிரின்னு அனுப்பிவிட்டேன். கூடப் பொறந்தவன்கிட்ட வேற எப்படிங்க பேசுறது? வேலையில்லாம சுத்திக்கிட்டிருந்தவனை இந்தத் தொழிலுக்குள்ள கொண்டாந்ததே நான்தான். பாதிப் பாதின்னு நானாத்தான் சொன்னேன், அவன் கேக்கக்கூட இல்ல.

சாஃப்ட்வேரை ஆரம்பிச்ச அன்னிக்கு மெக்கானிக்குங்க எல்லாரும் கூடிட்டாங்க. ஒவ்வொருத்தரா உள்ள போய்ப் பாத்தோம். தம்பிக்கு எல்லாம் தெரியுது. ஒப்பந்தம், கணக்கு, சம்பளம், அத்தனையும். எனக்குப் புகார் பதிவு செய்யற இடம் தெரிஞ்சுது. அவ்வளவுதான். நான் சிரிச்சுக்கிட்டே, ஏம்மா என்னை ரிசெப்ஷனிஸ்ட் ஆக்கிட்டியேன்னேன். அந்தப் பொண்ணு சிரிக்கல. சார் சொன்னபடிதான் மேடம் வச்சிருக்கோம்னா. எல்லார் முன்னாடியும்.

கேட்டேன், கேக்காம இருப்பேனா? சும்மா ஒரு ஒழுங்குக்குக்கா, யாராவது ஒருத்தர் மேல இருக்கணும்லங்கிறான். மேல யாரு கீழ யாருன்னு இத்தனை வருஷத்துல நாங்க பேசுனதே இல்லைங்க. எவளோ ஒரு பொண்ணு மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேட்டா, இவன் பதில் சொல்லிட்டான். அக்காவைக் கேட்டுச் சொல்றேன்னுகூட சொல்லலையாம். அப்போ அந்தப் பதில் முன்னாடியே அவன் மனசுல இருந்திருக்கு. அதுதாங்க தாங்கல எனக்கு. சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டேன்.

ஐயோ, கம்பெனி மேல என்னங்க தப்பு? அவங்க சொன்னதைச் செஞ்சாங்க.

நாளைக்கா? நாளைக்கு உங்க கொழுந்தனாரைக் கூட்டிட்டு வந்தா நான் இருக்க மாட்டேனே. உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. புகாருக்குக் கீழ லீவு கேக்குறதுக்கு ஒரு பட்டன் வச்சிருக்காங்க எனக்கு. நேத்து அதை அமுக்குனேன். எதுவரைக்கும்னு கேட்டுச்சு, நாளையிலேர்ந்து இனிமே வரலைன்னு போட்டேன். இதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கான் பாருங்க, அவனுக்குத்தான் அது போகும். பாத்ததும் பதறி எழுந்து வருவான், என்னக்கா இது கூத்துன்னு சண்டை போடுவான்னு நினைச்சேன். என்ன திட்டுறதுன்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன். போனை எடுத்தான், பாத்தான், ஒரு தட்டு தட்டிட்டு டீயைக் குடிச்சான். எனக்கு அனுமதி வந்திருச்சு.

நீங்க தைரியமா வாங்குங்க. வேகத்துல ஒரு குறையும் சொல்ல முடியாது.