உயரம் காட்டும் முள்

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிப் பேருந்து போய்க்கொண்டிருந்தபோது, என் முன் இருக்கையில் ஒரு பெண் தன் அக்காவிடம் சொன்னாள்: "போன வாரம் நான் கடல்ல விழுந்துட்டேன்க்கா."

"என்னாடி சொல்ற?"

"பைலட் கிளாஸ்ல. நிஜ பிளைட் இல்ல, ரூமுக்குள்ள இருக்கிற சிமுலேட்டர். உயரம் காட்டுற மீட்டர்ல பெரிய முள்ளு நூறு நூறு அடியா காட்டும், சின்ன முள்ளு ஆயிரம் ஆயிரமா. மாத்திப் படிச்சிட்டேன். இருநூறு அடியில இருந்துகிட்டு ரெண்டாயிரம்னு தைரியமா சொல்லி, இன்னும் கீழ எறக்குனேன்."

"சார் திட்டுனாரா?"

"நீச்சல் தெரியுமான்னு கேட்டாரு."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "படிப்ப வுட்டுடப் போறியா?"

"மறுநாளே திரும்ப உக்காந்தேன். முள்ள ஒழுங்கா படிச்சேன். அதையே பாத்துட்டு இருந்ததுல ரன்வேயத் தாண்டிட்டேன்."

"அப்புறம்?"

"மூணாவது தடவ சரியா எறக்கிட்டேன். ஆனா அப்பவும் முள்ளையே பாத்துட்டு இருந்தேன். சார்தான் வந்து, 'எறங்கியாச்சும்மா'ன்னு சொன்னாரு."