கேட்கவில்லை என்று சொன்ன பிள்ளைக்காக

மலை மருத்துவமனையின் மாணவர் பயிற்சி நிறைவு விழாவுக்குத் தலைமை தாங்கும் டாக்டர் அற்புதம் அம்மையார் அவர்களே! அடிவாரத்திலிருந்து இருபது வளைவும் ஏறி, இரண்டு வளைவில் இறங்கி நின்று, முகம் வெளிறி வந்து சேர்ந்திருக்கும் கல்லூரி டீன் ஐயா அவர்களே! வாழவந்தி பஸ்ஸை நிறைத்து வந்திருக்கும் பெரியோர்களே! எனக்கு முன்பே வந்து நல்ல நாற்காலிகளைப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே! வெள்ளைக் கோட்டு மாட்டிய இருபத்து நான்கு கண்மணிகளே! என் பஜ்ஜியைத் தின்றுவிட்டு எண்ணெய் சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லும் அன்பு எதிரிகளே! அனைவருக்கும் ஏரிக்கரை பஜ்ஜிக்கடை ரஹமத்துல்லாவின் வணக்கம்.

ஐந்தாம் வகுப்பில் பாதியிலேயே பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். ஆனால் பதினோரு ஆண்டாக மருத்துவக் கல்லூரித் தேர்வுக்குப் போகிறேன். எழுத அல்ல, படுக்க! என் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிக் கிடக்கிறது. இரத்தம் அதைத் தாண்டும்போது ஓர் உறுமல் கேட்கும். கண்டுபிடித்தால் மாணவன் பாஸ், விட்டுவிட்டால் பெயில். அதற்காக ஆண்டுதோறும் வேன் வந்து என்னை ஏற்றிப் போகிறது. என்ன சிரிப்பு அங்கே? சின்னன், உன் வீங்கிய மண்ணீரலும் அதே வேனில்தானே போகிறது!

மேடை ஏற்றும்போது காதோடு சொன்னார்கள்: “ஏனுங்க பாய், பசங்க பயிற்சியில நொம்பத் திருப்தியா இருக்கறாங்கன்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு எறங்கிக்கோங்க.”

சொல்லியிருப்பேன். ஆனால் நடந்தது என்ன? பயிற்சி திருப்தியா என்று கேட்டு மாணவர்களுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். இருபத்து மூன்று பேர் ‘மிக்க திருப்தி’ என்று எழுதினார்கள். ஒரே ஒருத்தி, வாழவந்திப் பெண் தேவகுமாரி, ‘திருப்தி இல்லை’ என்று எழுதினாள். மாற்றி எழுதினால்தான் சான்றிதழில் கையெழுத்து என்கிறார்கள். கையெழுத்து இல்லையேல் செவ்வாய்க்கிழமைத் தேர்வு இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஓர் ஆண்டு மண்ணாகிவிடும்!

ஏன் அப்படி எழுதினாள்? நான் சாட்சி. சாட்சி என்ன சாட்சி, கட்டிலில் கிடந்தவனே நான்தான்!

போன மாதம். வார்டில் சட்டையைக் கழற்றிப் படுத்திருக்கிறேன். குளிரில் மார்பு மரத்துப் போகிறது. ஆளுக்கு அரை நிமிடம். நேரம் மிச்சமாகட்டும் என்று ஒரே ஸ்டெதாஸ்கோப் கைமாறுகிறது. அதன் வட்டத்துக்கு இரண்டு முகம். கேட்க வேண்டிய முகத்துக்குத் திருகாவிட்டால் மரக்கட்டையை வைத்தது போலத்தான். முதலில் வந்த பிள்ளை அவசரத்தில் தப்பாகத் திருகிவிட்டான்.

“கேக்குதா?” என்றார் வாத்தியார்.

“நல்லாக் கேக்குதுங்க சார்!”

அடுத்தவனுக்கும் கேட்டது. அதற்கடுத்தவளுக்கும் கேட்டது. ஊமைக் கருவியில் உறுமல் கேட்ட உத்தமர்கள் இருபத்து மூன்று பேர்! நான் வாயைத் திறந்தேன். “பேஷண்ட் பேசக் கூடாது” என்றார்கள்.

கடைசியாகத் தேவகுமாரி வைத்தாள். “எனக்குக் கேக்கலைங்க சார்.”

“இத்தனை பேருக்குக் கேட்டுது, உன் காதுல மட்டும் என்ன அடைச்சிருக்குது? அடுத்த கட்டில்!”

அன்று மாலை கடைக்கு வந்தாள். “அண்ணா, இன்னொருக்காக் கேட்டுப் பாக்கட்டுங்களா?” என் மனைவி கதீஜா அடுப்பையே அணைத்தாள். “பஜ்ஜி எங்கியும் ஓடிப் போகாது. நீ கேளு கண்ணு.” பெஞ்சில் இடப்பக்கம் சாய்ந்து, மூச்சை வெளியே விட்டு அடக்கினேன். வட்டத்தைத் திருகச் சொன்னேன். கேட்டது! கண் கலங்கிப் போனாள். “தூரத்துல மாவு மில்லு ஓடற மாதிரி இருக்குதுங்கண்ணா!”

பதினோரு ஆண்டு படுத்திருக்கிறேன். என் நெஞ்சில் என்ன கேட்கிறது என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

பத்து நாள் கழித்து இந்த மருத்துவமனைக்கு மாதம்மாள் வந்தாள். அதோ, முன்வரிசையில் இருக்கிறாளே, அவள்தான். ஆறு மாதக் கர்ப்பம், மூச்சிரைப்பு. “புள்ளத்தாச்சின்னா இரைக்கத்தான் செய்யும்” என்றது ஊர். தேவகுமாரி காது வைத்தாள். அங்கேயும் அதே மில்! உடனே சேலத்துக்கு அனுப்பினார்கள். மருந்தோடு திரும்பி வந்து இன்று நம்மோடு உட்கார்ந்திருக்கிறாள். கைதட்டுங்கள், தட்டுங்கள், அவளுக்குத் தட்டாமல் யாருக்குத் தட்டுவது?

நான் கேட்கிறேன்: கேட்காததைக் கேட்டேன் என்பது பயிற்சியா? கேட்கவில்லை என்பது குற்றமா? பொய்க்குச் சான்றிதழ், மெய்க்குத் தண்டனை, இதுதான் மருத்துவமா?

டீன் ஐயா, செவ்வாய்க்கிழமை வேன் வரும். நான் ஏற மாட்டேன். சின்னன் ஏற மாட்டான். குப்பனூர் அம்மணி தன் கல்லீரலோடு வீட்டிலேயே இருப்பாள். நெஞ்சு எங்களுடையது! நோவு எங்களுடையது! எங்களை வைத்துத்தான் உங்கள் தேர்வு! தேவகுமாரியின் தாள் எழுதியது எழுதியபடி இருக்கட்டும். சான்றிதழில் இந்த மேடையிலேயே கையெழுத்து விழட்டும். அதுவரை வேன் காலியாகத்தான் இறங்கும்!

கண்மணிகளே, உங்களிடமும் ஒன்று. அன்றைக்கு நிஜமாகவே கேட்காதவர்கள் எழுந்து நில்லுங்கள். திட்ட மாட்டேன்.

என்ன, எல்லோருக்கும் தரையில் ஏதோ தொலைந்துவிட்டதா?

அதோ! முதலில் வைத்த பிள்ளையே எழுந்துவிட்டான்! நில்லு சாமி, தலை குனியாமல் நில்லு. அந்தப் பக்கம் இரண்டு பேர். பின்வரிசை முழுதும். ஐயா, எண்ணிக்கொள்ளுங்கள், நாற்காலிகள் காலியாகின்றன!

இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும், நிற்கிற இந்தப் பிள்ளைகளுக்கும் நன்றி. பேசி முடித்தவன் உட்கார வேண்டும் என்பது மேடை வழக்கம். கையெழுத்து விழும்வரை நானும் இவர்களோடு நிற்கிறேன். வணக்கம்!