கேட்டால் கையைத் தூக்கு

காது கேட்கும் கருவி விற்கிற கடை அமைதியாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். காது மந்தமானவர்கள் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவார்கள். கூட வந்தவர்கள் அதற்கு மேல் கத்துவார்கள். சாயங்காலம் கடையைச் சாத்தும்போது எனக்குத் தலை விண்விண் என்று தெறிக்கும். வீட்டுக்குப் போனால் அங்கே என் மகள் கீபோர்டு வாசித்துக்கொண்டிருப்பாள். இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. வீட்டு நிலவரம் எப்படி என்று நீங்கள் கேட்டீர்கள், சொல்கிறேன்.

அவள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். உயிரியலும் இசையும் ஒரே நேரத்தில் நடக்கும். ஒன்றை எடுத்தால் மற்றது கிடையாது. உயிரியல் இல்லாவிட்டால் மருத்துவக் கல்லூரி வாசலைக்கூட மிதிக்க முடியாது. இதெல்லாம் தெரிந்தும் அவள் இசையை எடுத்துவிட்டு வந்து நின்றாள்.

“அதுல என்னத்தம்மா பரீட்சை வைப்பாங்க?” என்று கேட்டேன்.

“ரெண்டு சுரம் வாசிப்பாங்கப்பா, நடுவுல எவ்வளவு தூரம்னு சொல்லணும். ஒரு பாட்டு போடுவாங்க, எந்த வாத்தியம் எப்ப உள்ள வருதுன்னு கேட்டு எழுதணும். கடைசியா நாமளே சொந்தமா ஒண்ணு போட்டு வாசிக்கணும்.”

கேட்பதற்கு மார்க்கா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “பிடிச்சதைப் படிக்கட்டும், விடுங்க” என்று என் மனைவி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். இந்த வீட்டில் என் பேச்சு எடுபட்டதே இல்லை. கடையிலும் அப்படித்தான். டாக்டர்கள் சீட்டு எழுதி அனுப்புவார்கள், நான் தலையாட்டுவேன். என்னைவிடச் சின்ன வயது டாக்டர்கள் “ஏம்ப்பா” என்று கூப்பிடுவார்கள். என் மகளாவது சீட்டு எழுதுகிற பக்கம் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தப்பா?

நயமாகவும் சொன்னேன், பயமுறுத்தியும் பார்த்தேன். ஒற்றைக் காலில் நின்றாள். ஆனால் நான் ஒரு நாளும் அவள்மேல் கை வைத்ததில்லை. அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

பாடத்தை மாற்றிக்கொள்ள வருடக் கடைசிவரை அவகாசம் இருந்தது. ஒரு விடுமுறை நாளில், சும்மா ஒரு டெஸ்ட் எடுக்கலாம் வா என்று அவளைக் கடைக்கு அழைத்துப் போனேன். சத்தம் புகாத சின்ன அறை, நடுவில் ஒரு கண்ணாடி. உள்ளே அவள் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்தாள், வெளியே மிஷின் முன்னால் நான். கேட்டால் கையைத் தூக்கு என்று சொன்னேன். வேறு விதியே இல்லை.

கீழ்ச் சுரங்களையெல்லாம் ஒழுங்காக அனுப்பினேன். டாண் டாண் என்று கை தூக்கினாள். மேல் சுரங்கள் வந்தபோது விசைமேல் விரலை வைத்தேன், அழுத்தவில்லை. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வேறு பிள்ளையாக இருந்தால் குத்துமதிப்பாக ஒரு தடவையாவது தூக்கியிருக்கும். இவள் தூக்கவில்லை. கேட்காததைக் கேட்டதாகச் சொல்ல அவளுக்கு வராது. நேர்மையான பிள்ளை. நான் வளர்த்த வளர்ப்பு அப்படி.

மேல் சுரங்களைக் கேட்கிற சக்தி உனக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று சொன்னேன்.

“எனக்கு எல்லாமே கேக்குதேப்பா.”

“கேக்காதது கேக்கலைன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?”

அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பெற்ற மனசு இல்லையா.

அத்தோடு இசையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். மறுநாளே பள்ளியிலிருந்து துள்ளிக்கொண்டு வந்தாள். “காது மிஷின் மாட்டிக்கிட்டே பரீட்சை எழுதலாமாம்ப்பா. இசை டீச்சர் கேட்டுட்டாங்க. நல்லதா ஒண்ணு நீங்களே போட்டுவிடுங்க.”

போட்டுவிட்டேன். ஆரம்பத்தில் அது சும்மா கூடுதான், ஒலியைக் கொஞ்சமும் கூட்டவில்லை. நான் ஒன்றும் ராட்சசன் இல்லை. ஆனால் அரையாண்டுப் பரீட்சையில் கேட்டு எழுதுகிற தாளில் அவள்தான் முதல். பெற்றோர் கூட்டத்தில் அந்த டீச்சர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “காது போற நிலைமையிலயும் இந்தப் பொண்ணு மாதிரி கேக்கறவங்க யாரும் இல்லை” என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான் தட்டினேன். கருவியின் ஒலியை முதன்முதலாகக் கூட்டியது அன்றைக்குத்தான்.

ஒரேயடியாக ஏற்றவில்லை. வாராவாரம் சர்வீஸ் என்று சொல்லிக் கடையில் வாங்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். சமையலறையில் தட்டு விழுந்தால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாள்.

“ரொம்ப சத்தமா இருக்குப்பா. வலிக்குது.”

“பழகணும்மா. கழட்டி வெச்சா இருக்கறதும் போயிடும்.”

அதன் பிறகு தூங்கும்போது தவிர அவள் அதைக் கழற்றவில்லை. தினமும் காலையில் என் மனைவி அதைத் துணியால் துடைத்து, பேட்டரி பார்த்து, தன் கையாலேயே அவள் காதில் மாட்டி, கன்னத்தைத் தட்டி அனுப்புவாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அவளை இதில் இழுக்காதீர்கள். பள்ளி வாத்தியக் குழுவில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் கீபோர்டைப் போட்டதும் நான் இல்லை. அந்த டீச்சர் போட்டது. அவளிடமும் விசாரித்தீர்களா என்று தெரியவில்லை.

வருடக் கடைசி நெருங்கியது. சொந்தமாக இசையமைத்து வாசிக்கிற நாள். அன்றைக்கு நான் அங்கே இல்லை, கேள்விப்பட்டதைத்தான் சொல்கிறேன். இடது கை அது பாட்டுக்கு வாசித்துக்கொண்டு போக, வலது சுண்டுவிரல் மேல் கோடியில் ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தபடியே இருந்ததாம். வகுப்பில் பிள்ளைகள் முகம் சுளித்தார்களாம்.

“எதுக்கும்மா அந்த ஒரு சுரத்தை விடவே மாட்டேங்கற?” என்று டீச்சர் கேட்டிருக்கிறாள்.

“இது எப்பவும் காதுல கூவிட்டே இருக்கு டீச்சர். கழட்டினாலும் இருக்கு. என்னால நிறுத்த முடியலை. அதான் சேர்த்துக்கிட்டேன்” என்றாளாம் என் மகள்.

இதைக் கேட்டபோது எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் டீச்சர் செய்தது என்ன? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், காதும் காதும் வைத்தாற்போல் பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டாள். சத்தத்தால் கெட்ட காது இது, பிறவிக் கோளாறோ நோயோ இல்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். கருவியைக் கழற்றி அளந்து பார்த்தார்கள். முக்கால் செவிட்டுக் கிழவருக்கு வைக்கிற அளவில் இருந்தது. அதன் பிறகுதான் நீங்கள் கடைக்கு வந்தீர்கள்.

நான் எதையும் மறுக்கவில்லை. விசையை அழுத்தாதது நான். ஒலியை ஏற்றியது நான். வலிக்கிறது என்று சொன்ன பிறகும் ஏற்றியது நான்தான். அவள் இப்போது இசையை விட்டுவிட்டாள் என்று மனைவி சொன்னாள். என்னிடம் மனைவி பேசிய கடைசிப் பேச்சு அது. கோபம் ஆறட்டும், உயிரியலில் இன்னும் இடம் இருக்கிறது.

ஒரே ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். நான் பொய்யான பரிசோதனை முடிவு கொடுத்தேன் என்று இந்த வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். இத்தனை வருடத் தொழிலில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் எடுத்த முடிவைப் பாருங்கள், மேல் சுரம் ஒன்றுக்கும் அவள் கை தூக்கவில்லை. நான் சொன்னது அப்படியே சரியாக இருக்கிறது, கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.