நடுவில் ஆடுகிறவனின் கார்

ரோலா பஸ் ஸ்டாண்டில் துபாய் பஸ்சுக்கான வரிசை. எனக்கு முன்னால் கால்பந்து ஜெர்சி போட்ட இருவர் நின்றார்கள். ஒருவர் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

“மாசத்துக்கு ஒரு கோச்ச மாத்துறானுவ. ஒருத்தர் சலாலாவுக்கு டூட்டி மாறிப் போனாரு, அடுத்தவரு லீவுல ஊருக்குப் போயிட்டாரு. இப்ப வந்தவரு நடுவுல யார ஆட விடுறாரு தெரியுமா? ரஃபீக்க!”

“அவனுக்குப் பந்த நிப்பாட்டவே தெரியாதே மச்சான்!”

“கார் ஓட்டத் தெரியும்ல? கோச்ச தினமும் கிரவுண்டுல கொண்டுபோய் இறக்குறான். நம்ம டீமுல ஆடுறதுக்குக் காலு வேணாம், லைசன்ஸ் போதும். த்தூ!”

திட்டியவரின் போன் அடித்தது. எடுத்ததும் குரல் குழைந்தது.

“சொல்லு ரஃபீக் மாப்ள! எங்களையும் ஏத்திக்கிறியா? ஏசியப் போட்டு வை, இந்தா வந்துட்டோம். முன் சீட்டு எனக்கு!”

பஸ் வரிசையில் நான் இரண்டு இடம் முன்னேறினேன்.