பிடில் வைக்க ஓர் இடம்

பட்டணம் போகும் ரயிலில், மடியில் காய்ச்சலோடு தூங்கும் குழந்தையின் நெற்றியை நான் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே ஓர் அப்பாவும் கல்யாணம் நிச்சயமான மகளும்.

"பிடிலை நெல்லுக் குதிர்ல வெச்சிடலாம்மா. எலி தொடாது."

"உள்ள சூடு நைனா. பசை இளகி ஒட்டு விட்டுடும்."

"பரண்?"

"மழைக்கு ஒழுவும்."

"சாமி ரூம்?"

"ஆட்டுக் குடல்ல செஞ்ச நரம்பாச்சே. அம்மா உள்ள உடாது."

"அதான் இன்னிக்கி கடைல கம்பியா வாங்குன்றேன். வாசிக்காம கெடந்தா நரம்பு காஞ்சி அறுந்துடும். கம்பின்னா எண்ணெ தடவி வெச்சிடலாம்."

"எனுக்கு நரம்புதான் வேணும்."

"எல்லாத்துக்கும் கொற சொல்றியே, இன்னாதான் பண்றது?"

"எங்கூட வரட்டும்."

"சம்பந்தியம்மா வேணான்னுட்டாங்களே."

"நீயும்தான் தலையாட்டிக்கினு வந்த."

ஆவடி தாண்டியதும் அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"சரி, நரம்பே வாங்கு. அவங்களாண்ட நான் பேசிக்கிறேன்."

"மொதல்ல பேசு நைனா. அப்புறம் கடைக்குப் போலாம்."

அம்பத்தூரில் வண்டி நின்றதும் அவர் எழுந்து குடையை எடுத்தார்.

"எறங்கு. சம்பந்தி ஊடு திருவள்ளூர்லதானே இருக்குது? திரும்பிப் போலாம்."