இரண்டு பேருக்கு ஓர் அறை

சனிக்கிழமை காலை, மலேசியாவின் கோத்தா திங்கியிலிருந்து, சிங்கப்பூர் எல்லையிலுள்ள ஜொகூர் பாரு செல்லும் பேருந்து. முன் இருக்கையில் ஓர் இளம் தம்பதி. கணவர் சிங்கப்பூரில் வாடகை அறை ஒன்றைப் பார்க்க, வீட்டுக்காரருக்கு ஆங்கிலத்தில் செய்தி எழுதிக்கொண்டிருந்தார்.

“‘மை வைஃப் அண்ட் மீ வில் கம்.’ சரியா?”

“அலமாக்! ‘மை வைஃப்’ங்கிற என்னை எடுத்துட்டுப் படிச்சுப் பாருங்க.”

“‘மீ வில் கம்.’ ஐயோ, நல்லா இல்லயே. அப்ப ‘ஐ’யா? ‘ஐ வில் கம்.’”

“ஆங், அதான். இதுகூட தெரியாம உங்களுக்கு எப்படி சிங்கப்பூர்ல வேலை குடுத்தாங்க?”

“டீச்சரம்மா கூட இருந்தா ஒழுங்கா எழுதுவேன் லா. நீதான் அங்க குடிவரமாட்டேங்கிறியே.”

“மாட்டேன்னு எப்ப சொன்னேன்? என் வேலைய விடணும். யோசிக்க வேணாமா?”

“தீபாவளிலேருந்து யோசிக்கிற. சரி, எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும். ‘ஐ வில் கம்’னே அனுப்பிடுறேன்.”

மனைவி கணவரின் கையிலிருந்த கைப்பேசியைப் பிடுங்கி, வேகமாக எதையோ தட்டினார்.

“ஏய், என்ன பண்ற?”

“‘வீ வில் கம்’னு அனுப்பிட்டேன். ரூம்ல சன்னல் இருக்கான்னும் கேட்டிருக்கேன்.”